இருக்கிற ஒயரிலேயே வீடு முழுக்க நெட்: இராமநாதபுரம் கடற்கரை வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

ஃபைபர் இணைப்பு வீட்டு வாசல் வரை வந்துவிட்டது. ஃபைபரில் வருவதை வீட்டு நெட்டாக மாற்றும் ஓ.என்.டி. பெட்டியை முன் ஹாலில் மாட்டிக் கொடுத்துவிட்டு ஆள் போய்விடுகிறார். ஹாலில் 100 எம்பிபிஎஸ் முழுசாக வருகிறது. பின்கட்டில் வீடியோ கால் சுற்றிக்கொண்டே நிற்கிறது, மாடியறையில் சிக்னலே இல்லை. கீழக்கரை, தொண்டி பக்கத்துப் பழைய வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். சுண்ணாம்புக் காரையில் கடற்கல் வைத்துக் கட்டிய கனத்த சுவர் இரண்டைத் தாண்டுவதற்குள் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அநேகமாகச் செத்துவிடும். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் புதிதாகக் கட்டிய வீடுகளில் சுவர் மெலிசுதான், ஆனால் கான்கிரீட் தளத்துக் கம்பி மாடிக்குப் போகும் சிக்னலைத் தடுக்கிறது.

கடையில் கேட்டால், வைஃபையை வாங்கி மறுபடி பரப்பும் எக்ஸ்டெண்டர் தருவார்கள். அதைச் சிக்னல் இல்லாத அறையில் சொருகினால் இல்லாத சிக்னலைத்தான் பரப்பும். சரியான வழி, ஒரு ஒயர் மூலம் நெட்டை அந்த அறைக்குக் கொண்டுபோய் அங்கிருந்து புதிதாக வைஃபை விடுவது. அதற்குச் சுவரைக் குடைய வேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஏற்கெனவே மூன்று வகை ஒயர் ஓடுகிறது: கரண்ட் ஒயர், கேபிள் டிவி அல்லது டிஷ் ஒயர், பழைய டெலிபோன் ஒயர். மூன்றிலும் நெட் அனுப்பக் கருவிகள் இருக்கின்றன.

கரண்ட் ஒயர் எல்லா அறையிலும் இருப்பதால் எல்லாரும் முதலில் அதற்கான கருவியைத்தான் வாங்குகிறார்கள். எங்கள் கணிப்பில், மூன்றில் கடைசியாகப் பார்க்க வேண்டியது அது. காரணம் கீழே வருகிறது.

வாங்குமுன் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றுங்கள்

ஒரு தாளில் வீட்டின் படம் போடுங்கள். ஓ.என்.டி. எங்கே, நெட் எங்கே வேண்டும் என்று இரண்டு புள்ளி. பிறகு அந்த இரண்டு இடத்திலும் சுவரில் என்னென்ன முடிகிறது என்று பாருங்கள். டிவிக்குப் பின்னால் கேபிள் முனை, கதவோரத்தில் தூசி படிந்த டெலிபோன் பெட்டி, மாடிப்படிக்குக் கீழே டிவி ஒயரைப் பல முனையாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர், மொட்டை மாடியில் யாரும் பார்க்காத டிஷ், எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

டெலிபோன் ஒயரோ டிவி ஒயரோ தனி பிவிசி பைப்பில் போகிறதா என்று கவனியுங்கள். போனால் உங்களுக்கு யோகம். அந்தப் பழைய ஒயரையே இழுகயிறாக வைத்துப் கேட்-6 என்ற புது நெட்வொர்க் கேபிளை உள்ளே இழுத்துவிடலாம். பழைய ஒயரின் முனையையும் கேட்-6 முனையையும் பக்கம் பக்கமாக, ஒன்றுக்கொன்று முன்பின்னாக வைத்து 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு டேப் சுற்றுங்கள். முடிச்சுப் போட்டால் பைப் திரும்பும் எல்போவில் மாட்டிக்கொள்ளும். ஒருவர் இந்தப் பக்கம் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தள்ள, மற்றவர் அந்தப் பக்கம் இழுக்க வேண்டும். மாட்டினால் பலம் காட்டாமல் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து மறுபடி முயலுங்கள். பழைய ஒயர் அறுந்துவிட்டால் எலக்ட்ரீஷியனிடம் இருக்கும் ஒயர் இழுக்கும் ஸ்பிரிங் வேண்டியிருக்கும்.

கேபிள் வாங்கும்போது முழுச் செம்புதானா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு ரகம் உப்புக் காற்றில் முனையிலிருந்தே பொடிந்துபோகும். கரண்ட் ஒயர் போகும் பைப்பில் மட்டும் கேட்-6-ஐ நுழைக்காதீர்கள். உள்ளே கரண்ட் ஒயரின் மேலுறை எங்காவது உரிந்திருந்தால் உங்கள் கம்ப்யூட்டருக்கே 230 வோல்ட் வந்து சேரும்.

கேட்-6 இழுக்க முடிந்துவிட்டால், கீழே ரூட்டர் அமைப்பு, உப்பு, இடி பற்றிய பகுதிகளுக்கு நேராகப் போய்விடலாம். மற்றவர்கள் தொடருங்கள்.

பெட்டியின் மேல் அச்சிட்ட எண்கள்

கரண்ட் ஒயருக்கான கருவிகளில் இரண்டு குடும்பம் உண்டு. ஒன்று ஹோம்பிளக். 2001-இல் 14 எம்பிபிஎஸ் வேகத்தில் தொடங்கி, 2005-இல் ஏவி என்ற பெயரில் 200-ஐத் தொட்டது. 2010-இல் ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் 1901 தரம் வந்தது, 2012-இல் ஏவி2. ஏவி ஏறக்குறைய 2 முதல் 28 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையைப் பயன்படுத்தும், ஏவி2 86 வரை போகும். மற்றொன்று ஜி.எச்.என். ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐ.டி.யு. 2009, 2010 ஆண்டுகளில் ஜி.9960, ஜி.9961 என்று வகுத்த தரம் அது. கரண்ட், கோஆக்ஸ் (அதாவது கேபிள் டிவி, டிஷ் ஒயர்), டெலிபோன் என்று மூன்று ஒயருக்கும் அதுவே பொருந்தும். கோஆக்ஸ் ஒயருக்கு மட்டும் மோக்கா என்று தனியாக ஒன்று உண்டு. மோக்கா 2.0 2010-இல் வந்தது, 2016-இல் வந்த 2.5 தரம் 2,500 எம்பிபிஎஸ் வரை சொல்கிறது.

இவற்றில் ஒன்றை இன்னொன்றோடு கலக்க முடியாது. ஹாலில் ஹோம்பிளக், மாடியில் ஜி.எச்.என். என்று வைத்தால் ஒன்றுக்கொன்று பேசாது. ஒரே வீட்டில் இரண்டு ஜோடியும் ஓடினால் இரண்டின் வேகமும் குறையும். ஹோம்பிளக் ஏவி, ஏவி2, 1901 மூன்றும் தங்களுக்குள் ஒத்துப்போகும்.

அடுத்து வேகம். பெட்டியில் 600, 1200, 2400 என்று இருப்பது இரண்டு அடாப்டருக்கும் (சாக்கெட்டில் சொருகும் கருவி) இடையே ஒயரில் ஓடக்கூடிய உச்ச வேகம், அதுவும் போகிற வேகம் வருகிற வேகம் இரண்டையும் சேர்த்து, ஆய்வகத்துச் சுத்தமான ஒயரில். வீட்டில் அடாப்டர் 300 என்று காட்டினால் உண்மையில் கோப்பு நகரும் வேகம் அதில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள் இருக்கும். இதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. 600 என்று போட்ட பல அடாப்டர்களில் நெட்வொர்க் துளை 100 எம்பிபிஎஸ் ரகம்தான். கரண்ட் ஒயரில் எவ்வளவு ஓடினாலும் அந்தத் துளை வழியாக 94-க்கு மேல் வெளியே வராது. கிகாபிட் துளை என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கரண்ட் ஒயர் வழி

தேவை குறைந்தது இரண்டு அடாப்டர், ஒரு மீட்டர் நெட்வொர்க் கேபிள் இரண்டு. திருப்பிக் கொடுக்கும் வசதியுள்ள இடத்தில் மட்டும் வாங்குங்கள், ஏனென்றால் உங்கள் வீட்டு ஒயரிங்கில் இது எப்படி ஓடும் என்று சொருகிப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

பிளக்கைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் அடாப்டர்களில் பெரும்பாலும் ஐரோப்பிய வகை உருண்டைத் தடி இரண்டு இருக்கும், 4.8 மில்லிமீட்டர் கனம். நம் 5 ஆம்பியர் சாக்கெட் 5.1 மில்லிமீட்டர் தடிக்காகச் செய்தது. சொருகலாம், ஆடும். ஆடுகிற இடத்தில் சிக்னல் விட்டு விட்டு வரும், கொஞ்ச நாளில் சூடும் ஏறும். ஐரோப்பிய பிளக்கில் எர்த் பக்கவாட்டுத் தகட்டில் இருப்பதால் நம் சாக்கெட்டின் எர்த்தை அது தொடவே தொடாது. ஏவி2-இன் கூடுதல் வேகமோ பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றையும் பயன்படுத்துவதால்தான் கிடைக்கிறது. எர்த் இல்லையென்றால் கருவி வேலை செய்யும், ஆனால் கொடுத்த காசுக்குப் பாதி வேகம்தான். துபாயிலிருந்தோ சவூதியிலிருந்தோ வரும் உறவினரிடம் சொல்லி விடுபவர்களுக்கு இன்னொரு வார்த்தை: அங்கே கிடைப்பது பெரும்பாலும் சதுரத் தடி மூன்று உள்ள பிளக். அதை ஏற்கும் யுனிவர்சல் சாக்கெட் உங்கள் போர்டில் இருந்தால் மட்டும் கேளுங்கள். டிராவல் அடாப்டர் மாட்டி ஓட்டுவது வேண்டாம்.

இனி வேலை:

1. இரண்டு அடாப்டரையும் ஒரே சுவிட்ச் போர்டில், அருகருகே சொருகுங்கள். இணைப்பதற்கான பேர் (Pair) பட்டனை ஒன்றில் அழுத்தி, இரண்டு நிமிடத்துக்குள் மற்றதிலும் அழுத்துங்கள். எவ்வளவு நேரம் அழுத்துவது என்பது மாடலுக்கு மாடல் மாறும். பல மாடல்களில் ஒரு நொடி தொட்டு விட்டால் இணையும், நீளமாகப் பிடித்தால் எல்லாம் அழிந்து பழைய நிலைக்குப் போகும்.

2. பேர் பட்டன் அழுத்துவதைத் தாண்டாதீர்கள். கடையிலிருந்து வரும் ஹோம்பிளக் அடாப்டர்களில் எல்லாவற்றுக்கும் ஒரே தொடக்கச் சாவிதான். சொருகியவுடனே ஓடுகிறதே என்று விட்டுவிட்டால், பக்கத்துப் போர்ஷனில் அதே வகை அடாப்டர் வைத்திருப்பவரின் வீடும் உங்கள் வீடும் ஒரே நெட்வொர்க்காகிவிடலாம். பேர் பட்டன் அழுத்தினால்தான் உங்களுக்கென்று தனிச் சாவி உருவாகி, 128 பிட் ஏஇஎஸ் பூட்டு உண்மையில் பயன்படும்.

3. அருகருகே இருக்கும்போது காட்டும் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஜோடியின் உச்சம் அது. இங்கேயே குறைவாக இருந்தால் கருவியிலோ சாக்கெட்டிலோ கோளாறு.

4. ஒன்றை ஓ.என்.டி. பக்கம் வைத்துக் கேபிள் சொருகுங்கள். மற்றதை எடுத்துக்கொண்டு தேவையான அறையில் இருக்கும் ஒவ்வொரு சாக்கெட்டிலும் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒரே அறையில் இரண்டு சாக்கெட்டுக்கு இடையே இரண்டு மடங்கு வித்தியாசம் வருவது சாதாரணம்.

5. இணைய ஸ்பீட் டெஸ்டை மட்டும் நம்பாதீர்கள், அது உங்கள் பிளானின் வேகத்தோடு நின்றுவிடும். ஓ.என்.டி.யில் கேபிளில் மாட்டிய லேப்டாப்பிலிருந்து மறுமுனை லேப்டாப்புக்கு ஒரு 1 ஜிபி கோப்பை அனுப்புங்கள். 90 வினாடியில் முடிந்தால் ஏறக்குறைய 90 எம்பிபிஎஸ்.

6. இதையே இரவு எட்டு மணிக்கு, லைட், டிவி, ஃபேன் எல்லாம் ஓடும்போது ஒரு முறை, தண்ணீர் மோட்டார் ஓடும்போது ஒரு முறை, கரண்ட் போயிருக்கும்போது ஒரு முறை செய்யுங்கள். மத்தியானம் வீடே தூங்கும்போது எடுத்த எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

அடாப்டரை எப்போதும் சுவர் சாக்கெட்டில் நேராகச் சொருக வேண்டும். ஸ்பைக் பஸ்டரில் சொருகினால் வேகம் வெகுவாகக் குறையும், சில நேரம் இணைப்பே கிடைக்காது. அதன் உள்ளே பேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே ஒரு கெப்பாசிட்டர் உட்கார்ந்திருக்கும். 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு அது இல்லாதது போல. மெகாஹெர்ட்ஸ் சிக்னலுக்கோ அது ஷார்ட். இதையே நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். மட்ட ரக மொபைல் சார்ஜர், எல்இடி பல்பு டிரைவர், இண்டக்ஷன் அடுப்பு இவைதான் லைனில் இரைச்சல் கிளப்புபவை. இரைச்சல் போடும் சார்ஜரை ஃபில்டர் உள்ள ஸ்பைக் பஸ்டருக்குப் பின்னால் தள்ளிவிட்டு அடாப்டரைச் சுவரில் விட்டால், இரைச்சல் அங்கேயே அடங்கும்.

மின்னணு ஃபேன் ரெகுலேட்டரும் குற்றவாளிதான். இரண்டாம் எண்ணில் ஃபேன் ஓடும்போது நெட் திக்கி, ஐந்தில் வைத்தால் சரியாகிறது என்றால் காரணம் அது. ரெகுலேட்டர் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் கரண்டை வெட்டி விடுவதால் வினாடிக்கு 100 முறை லைனில் ஒரு சொடுக்கு விழுகிறது. படிப்படியாகத் திரும்பும் கெப்பாசிட்டர் வகை ரெகுலேட்டராக மாற்றினால் தீரும். மிக்ஸி ஓடும் ஐந்து நிமிடத்துக்கு மருந்து கிடையாது. சட்னி அரைத்து முடிகிறவரை பொறுக்க வேண்டியதுதான்.

சாதாரண வழிகாட்டிகள் சொல்லாத மூன்று விஷயம் நம் வீடுகளில் முக்கியம்.

முதலாவது இன்வெர்ட்டர். பெரும்பாலான வீடுகளில் ஃபேன், லைட், ஓரிரு பிளக் பாயிண்ட் மட்டும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும். ஓ.என்.டி. இன்வெர்ட்டர் லைனில், மாடி அடாப்டர் நேர் இ.பி. லைனில் என்று வைத்தால் கரண்ட் இருக்கும்போதே சிக்னல் இன்வெர்ட்டருக்குள் புகுந்து வர வேண்டும், பாதி அங்கே போய்விடும். கரண்ட் போனால் மாடி அடாப்டர் அணைந்தே போகும். மெயினை அணைத்துவிட்டு எந்தெந்த சாக்கெட்டில் கரண்ட் இருக்கிறது என்று பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுங்கள். இரண்டு அடாப்டரும் அந்த ஸ்டிக்கர் உள்ள சாக்கெட்டுகளில் மட்டும். அப்போதும் சதுர அலை இன்வெர்ட்டராக இருந்தால் கரண்ட் போன நேரத்தில் வேகம் குறையும். சைன் அலை இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை குறைவு.

இரண்டாவது திரீ-பேஸ். ஹால் ஒரு பேஸிலும் மாடி இன்னொரு பேஸிலும் இருந்தால் சிக்னல் ஒயருக்கு ஒயர் பக்கவாட்டில் கசிந்துதான் போக வேண்டும். சில வீடுகளில் போதுமான அளவு கசியும், சில வீடுகளில் சுத்தமாக இல்லை. டி.பி. பாக்ஸில் எம்.சி.பி.யை ஒவ்வொன்றாக அணைத்து எந்த அறை எதில் என்று கண்டுபிடிக்கலாம். மாற்ற வேண்டுமென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாடி பிளக் பாயிண்ட் எம்.சி.பி.யை ஹால் இருக்கும் பேஸுக்கு நகர்த்தச் சொல்லுங்கள். ஏசி, மோட்டார் எந்தப் பேஸில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் சுமை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பேஸ் மாற்றும் சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் உள்ள வீட்டில் நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்றால், ரூட்டரைத் திட்டுமுன் அந்த சுவிட்ச் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள்.

மூன்றாவது, மாடிக்குத் தனி மீட்டர். இங்கே கரண்ட் ஒயர் வழியை மறந்துவிடுங்கள். சிக்னல் ஒரு மீட்டர் வழியாக வெளியேறி இன்னொரு மீட்டர் வழியாக ஏற வேண்டும். வேலை செய்கிற வீடுகள் உண்டு. நம்பிப் பணம் போட முடியாது.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். நம் சாக்கெட்டுகளுக்கெல்லாம் சுவிட்ச் உண்டு. ராத்திரி படுக்கப் போகும்போது யாராவது வழக்கம்போல் தட்டி அணைத்துவிடுவார்கள். சுவிட்சின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள்.

கேபிள் டிவி ஒயர், டிஷ் ஒயர்

சிக்னலுக்கென்றே செய்த ஒயர் கோஆக்ஸ். மேலே உலோக வலை சுற்றியிருப்பதால் மிக்ஸியும் மோட்டாரும் இதை ஒன்றும் செய்யாது. இரண்டு அறைக்கும் கோஆக்ஸ் முனை இருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். குறிப்பாக இராமேசுவரத்தில் லாட்ஜ், தங்கும் விடுதி நடத்துபவர்கள்: அறைக்கு அறை டிவி ஒயர் ஏற்கெனவே ஓடுகிறது. மாடிக்கு ஒரு மோக்கா அடாப்டரும் ஒரு வைஃபை பெட்டியும் வைத்தால், எல்லா அறைக்கும் புது ஒயர் இழுக்கும் செலவில் பெரும்பகுதி மிச்சம்.

எந்தக் கருவி என்பது அந்த ஒயரில் இப்போது என்ன ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. ஒன்றும் ஓடவில்லை என்றால் மோக்கா, ஜி.எச்.என். இரண்டில் எதுவும் சரி. கேபிள் டிவி ஓடினால் மோக்கா. கேபிள் சேனல்கள் 860 மெகாஹெர்ட்ஸ் சுமாரில் முடிகின்றன, வழக்கமான மோக்கா 1,125-க்கு மேல் தொடங்குகிறது, இரண்டும் மோதாது. டிஷ்ஷிலிருந்து நேராக இறங்கும் ஒயர் என்றால் கதை தலைகீழ். டிஷ்ஷிலிருந்து பெட்டிக்கு வருவது 950 முதல் 2,150 மெகாஹெர்ட்ஸ், மோக்கா அதன் நடுவே போய் உட்காரும். படமும் போகும், நெட்டும் போகும். கோஆக்ஸ் வகை ஜி.எச்.என். 200 மெகாஹெர்ட்ஸுக்குள் ஓடுவதால் அலைவரிசையில் மோதாது, ஆனால் டிஷ்ஷுக்கு 13 அல்லது 18 வோல்ட் அதே ஒயரில் ஏறுவதால் இரண்டு முனையிலும் டிப்ளெக்சர் வைத்துப் பிரிக்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் இதில் இறங்காமல், டிஷ்ஷுக்குத் தனி ஒயர் விட்டுவிடுவது நல்லது.

வேலையைத் தொடங்கும்போது ஒயரின் இரண்டு முனையும் உண்மையில் ஒரே ஒயர்தானா என்று பாருங்கள். மறுமுனையில் நடுக்கம்பியையும் வலையையும் ஒட்டிவிட்டு இந்தப் பக்கம் மல்ட்டிமீட்டர் வையுங்கள். வீட்டு அளவு நீளத்துக்குச் சில ஓம் காட்ட வேண்டும். ஒன்றும் காட்டாவிட்டால் வழியில் ஸ்பிளிட்டரோ ஆம்ப்ளிஃபையரோ இருக்கும், அல்லது அறுந்திருக்கும்.

ஸ்பிளிட்டரைத் தேடிப்பிடித்து அதன் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். 5–1000 மெகாஹெர்ட்ஸ் என்றிருந்தால் மோக்காவுக்கு ஆகாது. 1,675 வரை போட்டது வேண்டும். இரண்டு வழி ஸ்பிளிட்டரில் 3.5 முதல் 4 டெசிபல், நான்கு வழியில் 7 முதல் 8, எட்டு வழியில் 11 சுமார் என்று சிக்னல் குறைகிறது. ஆகவே இரண்டு டிவிக்கு எட்டு வழிப் பெட்டி மாட்டியிருந்தால் கழற்றிச் சின்னதாக்குங்கள். வெறுமனே விட்ட துளைகளில் 75 ஓம் டெர்மினேட்டர் என்ற சின்ன மூடியைத் திருகுங்கள். ஆம்ப்ளிஃபையர் நடுவில் இருந்தால் மோக்கா தாண்டாது. அதற்குப் பின்னால் இருக்கும் பகுதியை மட்டும் பயன்படுத்துங்கள். கேபிள்காரரின் ஒயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் மோக்கா ஃபில்டர் ஒன்று திருகினால் உங்கள் சிக்னல் தெருவுக்குப் போகாது.

டெலிபோன் ஒயர்

ஃபைபருக்கு மாறிய வீடுகளில் பழைய செம்பு ஒயர் சுவரோடு சும்மா கிடக்கிறது. முதலில் வெளியிலிருந்து வரும் லைனை வீட்டுப் பெட்டியிலேயே கழற்றிவிடுங்கள். லைன் உயிரோடு இருந்தால் 48 வோல்ட் நிற்கும், மணியடிக்கும்போது அதற்கு மேலும் ஏறும், கருவி போய்விடும்.

பிறகு மறுமுனையில் இரண்டு கம்பியையும் முறுக்கிவிட்டு ஓம் அளவெடுங்கள். 0.5 மில்லிமீட்டர் செம்பு என்றால் 20 மீட்டருக்குப் போக வர 3.5 ஓம் சுமார் வர வேண்டும். 20, 30 என்று காட்டினால் நடுவில் எங்கோ முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஒன்று களிம்பேறிக் கிடக்கிறது. அதைக் கண்டுபிடித்து வெட்டிப் புதிதாக இணைக்காமல் மேலே போகாதீர்கள்.

ஒரே ஜோடி என்றால் டெலிபோன் ஒயருக்கான ஜி.எச்.என். ஜோடி நல்லது. டெலிபோன் ஒயரில் நெட் அனுப்பும் இன்னொரு வகையான விடிஎஸ்எல் கன்வெர்ட்டர் ஜோடியும் கிடைக்கும். ஒன்றைத் தலைமை, மற்றதைத் துணை என்று சின்ன சுவிட்சில் அமைக்க வேண்டும், இரண்டையும் ஒரே மாதிரி விட்டால் பேசாது. இரண்டு ஜோடி, அதாவது நான்கு கம்பி இருந்து தூரமும் குறைவென்றால் கருவியே இல்லாமல் முயலலாம். 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டுக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு முனையே போதும். 1, 2 ஒரு ஜோடியிலும் 3, 6 இன்னொரு ஜோடியிலும் இருக்க வேண்டும். ஜோடி கலந்தால் லைட் எரியும், நெட் வராது.

மறுமுனையில் ரூட்டர்

எந்த ஒயரில் வந்தாலும் இந்தக் கருவிகள் வெறும் பாலம்தான். ஐபி முகவரி கொடுப்பது ஓ.என்.டி.யின் வேலை. மறுமுனையில் பழைய வைஃபை ரூட்டர் ஒன்று இருந்தால் போதும். அக்சஸ் பாயிண்ட் என்று ஒரு அமைப்பு அதில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஓ.என்.டி.யின் முகவரி 192.168.1.1 எனில் ரூட்டரின் முகவரியை 192.168.1.2 ஆக்கி, ஐபி முகவரி கொடுக்கும் டிஎச்சிபியை அணைத்து, ஒயரை வேன் (WAN) துளையில் சொருகாமல் லேன் (LAN) துளையில் சொருகுங்கள். டிஎச்சிபியை அணைக்க மறந்தால் ஒன்றிரண்டு நாள் எல்லாம் சரியாக ஓடுவதுபோல் தெரிந்து, பிறகு சில போன்களில் மட்டும் நெட் வராமல் போகும். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் ஹாலில் உள்ளதே இருக்கட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனல் மட்டும் ஒன்று 1, மற்றது 6 அல்லது 11.

இரண்டு பெட்டிக்கும் நடுவே இரண்டு வழி ஏற்படுத்தாதீர்கள். கரண்ட் ஒயர் வழியாக ஒன்று, பழைய எக்ஸ்டெண்டர் வழியாக இன்னொன்று என்று வளையம் விழுந்தால் மொத்த வீட்டு நெட்டும் நின்றுவிடும்.

உப்பும் இடியும்

உள்நாட்டில் பத்து வருடம் ஓடும் இணைப்பு மண்டபத்திலும் ஏர்வாடியிலும் இரண்டு வருடத்தில் பச்சை பிடிக்கிறது. சாக்கெட்டின் பித்தளை இடுக்கியைப் பாருங்கள். பச்சைப் பொடி தெரிந்தாலோ பிளக் தானாக நழுவினாலோ சுத்தம் செய்து பயனில்லை, எம்.சி.பி.யை அணைத்து சாக்கெட்டையே மாற்றுங்கள். மாற்றும்போது பின்னால் உள்ள ஒயர் முனை கறுத்திருந்தால் பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டுத் திருகுங்கள்.

கோஆக்ஸில் சேதம் வேறு மாதிரி. மொட்டை மாடியில் இருக்கும் கனெக்டரைக் கழற்றினால் அலுமினிய வலை வெள்ளைப் பொடியாக உதிரும், நடுக்கம்பியில் செம்புப் பூச்சு போய் உள்ளே உள்ள இரும்பு துருப்பிடித்திருக்கும். வலை மறுபடி வெள்ளிபோல் மின்னும் இடம்வரை, பெரும்பாலும் 15 முதல் 20 சென்டிமீட்டர், வெட்டி எறியுங்கள். நடுக்கம்பி 6 மில்லிமீட்டர், வெள்ளை உறை இன்னொரு 6 மில்லிமீட்டர் என்று உரித்து, கம்ப்ரஷன் வகை எஃப் கனெக்டர் போடுங்கள். கையால் திருகி மாட்டும் மலிவு வகைக்குள் ஈரக்காற்று நுழைகிறது. மேலே சிலிகான் கிரீஸ் தடவி ரப்பர் உறை போட்டு, வீட்டுக்குள் நுழையுமுன் ஒயரை ஒரு வளைவு கீழே தொங்கவிடுங்கள். மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், உள்ளே வராது.

எர்த் விஷயத்தில் கடற்கரை மண்ணை நம்பி ஏமாறாதீர்கள். உப்பு மண் கரண்டை நன்றாகக் கடத்தும், அதே உப்பு எர்த் பைப்பையும் அரித்துவிடும். எர்த் ஒயர் பைப்போடு சேரும் போல்ட்டை வருடத்துக்கு ஒரு முறை எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் வரும்போது அடாப்டர்களைச் சுவிட்சில் அணைத்தால் போதாது. அது ஒரு கம்பியைத்தான் துண்டிக்கும், பிளக்கையே உருவுங்கள். ரூட்டரிலிருந்து நெட்வொர்க் கேபிளையும், டிவியிலிருந்து டிஷ் ஒயரையும் கழற்றி வையுங்கள். வீட்டிலிருந்து எதிரில் உள்ள கடைக்கோ தோட்டத்து ஷெட்டுக்கோ நெட் வேண்டுமென்றால் இந்த மூன்று ஒயரில் எதையும் வெளியே இழுக்காதீர்கள். இரண்டு கட்டடத்தின் எர்த்துக்கும் இடையே இடியின்போது பல ஆயிரம் வோல்ட் வித்தியாசம் வரலாம், அது ஒயர் வழியாகத்தான் சமனாகும். அந்த இடத்துக்கு உலோகம் இல்லாத ஃபைபர் கேபிள் அல்லது வயர்லெஸ் பாலம்.

மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும், மாட்டிய நாளில் குறித்த வேகத்தோடு இப்போதைய வேகத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். கோஆக்ஸில் குறைந்திருந்தால் முதலில் மொட்டை மாடி கனெக்டர், கரண்ட் ஒயரில் குறைந்திருந்தால் முதலில் சாக்கெட், பிறகு வீட்டுக்குப் புதிதாக வந்த சார்ஜர் எது என்று பாருங்கள்.